அவகாஷும் அவகாசமும்

ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை இரவு, டெல்லியில் உள்ள எங்கள் வீட்டில் சிறியதொரு மொழிபெயர்ப்பு வேலை நடைபெறுகிறது. என் தம்பி பயிலும் சிறப்புப் பள்ளியிலிருந்து குடும்பங்களுக்கு வரும் சுற்றறிக்கையை நான் தமிழில் எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். இந்தி ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம் என்று வரும் அந்த இரண்டு பக்கங்களைத் தமிழாக்க அரை மணி நேரம் போதும். விடுதியில் இருக்கும் நாள்களில் தொலைபேசியில் வாசிப்பேன். மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் நான் இதுவரை எழுதியவற்றில் ஒருவருக்கு உடனடியாகப் பயன்பட்ட எழுத்து இது ஒன்றுதான் என்று சொல்லத் துணிவேன். இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் அந்தச் சுற்றறிக்கையில் என்ன இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேன் செல்லும் வழி திங்கள் முதல் மாறுகிறது. புதிய ஓட்டுநரின் படம் இணைக்கப்பட்டுள்ளது, பிள்ளைகளிடம் காட்டவும். தரைத்தள வகுப்பறைக்கு வண்ணம் பூசப்படுகிறது. மூன்று நாள் வாசனை இருக்கும். தீ விபத்து ஒத்திகை செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு. மணியோசையைத் தாங்க முடியாத பிள்ளைகளுக்குக் காதுமூடி கொடுத்தனுப்பவும். நிராமயா மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் அலுவலகத்தை அணுகவும். இசை ஆசிரியை திருமணமாகி ஜெய்ப்பூர் செல்கிறார். அவருடைய கடைசி வகுப்பு 22ஆம் தேதி.

வேறொரு பள்ளியின் பெற்றோர் இச்செய்திகளைக் கைப்பேசியில் ஒரு விரலால் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். எங்களைப் போன்ற வீடுகளில் இவை ஒவ்வொன்றும் ஒரு பணி. லியோ கானர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, ஆட்டிசம் குறித்த ஆய்வுகளின் தொடக்கப்புள்ளிகளுள் ஒன்று. சூழல் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற அக்குழந்தைகளின் தவிப்பை அவர் அதில் முதன்மையான கூறாகக் குறித்தார். மாற்றத்தை முன்கூட்டியே, புரியும்படி சொன்னால் என் தம்பி அதைத் தாங்கிக்கொள்வான். சொல்லாமல் வரும் மாற்றம் அவனுக்குத் தரை நழுவுவது போன்றது. ஆகவே பள்ளியின் செய்தி வீட்டை அடைந்தால் மட்டும் போதாது. வீட்டிலிருப்பவர் வழியாகப் பிள்ளையை அடைய வேண்டும். இந்த இரண்டாவது பயணத்தில்தான் எங்கள் வீட்டில் பதின்மூன்று ஆண்டுகள் ஒரு தடை இருந்தது.

எங்கள் பெற்றோர் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்கள். அப்பாவின் மத்திய அரசு வேலை எங்களை டெல்லிக்குக் கொண்டுவந்தது. தம்பிக்கு நான்கு வயதானபோது, 2010இல், ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று எங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளுள் ஒன்று: 'இவனுக்கு ஒரு மொழியே கடினம், இரண்டு மொழிகள் குழப்பும். பள்ளியில் இந்தி என்பதால் வீட்டிலும் இவனிடம் இந்தியிலேயே பேசுங்கள்.' அதைச் சொன்னவர் மீது எனக்கு இன்று கோபம் இல்லை. அக்கறையோடுதான் சொன்னார், அக்காலத்தில் பல நாடுகளில் பலருக்கும் இதே அறிவுரை வழங்கப்பட்டது. எங்கள் குடும்பம் அதை மருந்துச் சீட்டைப் போலக் கடைப்பிடித்தது.

அப்பாவுக்கு அலுவலக இந்தி தெரியும். எனக்குத் தெருவிலும் பள்ளியிலும் வந்த இந்தி இருந்தது. அம்மாவுக்குக் காய்கறிக்காரரிடம் பேசும் அளவுக்கு மட்டுமே தெரியும். தேவநாகரியை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நாள் முழுவதும் தம்பியுடன் இருந்தவர் அவர்தான். பின்னாளில் மொழியியல் மாணவியாக அந்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அம்மா தம்பியிடம் பேசிய இந்தி முழுவதும் ஏவல் வினைகளால் ஆனது. வா, உட்கார், சாப்பிடு, கிளம்பு, வேண்டாம், விடு. அவருடைய இந்தியில் இறந்தகாலம் சரியாக வராது. 'ஒருவேளை' என்ற சொல் கிடையாது. கேலி கிடையாது, கதை கிடையாது. எனக்குச் சோறூட்டும்போது தாமிரபரணியில் வெள்ளம் வந்த கதையை நூறு விதமாகச் சொன்ன அதே வாய், தம்பிக்கு ஊட்டும்போது 'காவோ, காவோ' என்பதோடு நின்றுவிடும். கட்டளையிடத் தெரிந்த, அளவளாவத் தெரியாத ஒரு மொழியில் ஒரு தாய் தன் மகனை வளர்த்தார். அவரும் கேட்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

இனி 2023 நவம்பருக்கு வருகிறேன். அந்த மாதத் தொடக்கத்தில் டெல்லியின் காற்று எப்படி இருந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். மாசு காரணமாகப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை முன்னுக்குக் கொண்டுவரப்பட்டு, நவம்பர் 9 முதல் 18 வரை என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தது 8ஆம் தேதி. தம்பியின் பள்ளியும் அன்று மாலை பெற்றோர் குழுவில் ஓர் அவசரச் செய்தியை அனுப்பியது. அப்பா அலுவல் நிமித்தம் வெளியூரில் இருந்தார். நான் விடுதியில் ஒரு கருத்தரங்கக் கட்டுரையோடு போராடிக்கொண்டிருந்ததால் செய்தியைத் திறக்கவில்லை. அம்மா கைப்பேசியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த பெண்மணி எழுதியிருந்ததை அப்படியே உரக்கப் படித்திருக்கிறார்: 'ஷீத்காலீன் அவகாஷ்.'

இந்தியில் அவகாஷ் என்றால் விடுமுறை. தமிழில் அவகாசம் என்றால் கூடுதலாகக் கொடுக்கப்படும் நேரம். அம்மாவின் காதில் விழுந்தது தமிழ்ச் சொல். பனிமூட்டத்துக்காக வேன் தாமதமாக வரும், அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். ஒரு மூலத்திலிருந்து வந்து இரண்டு மொழிகளில் வெவ்வேறு பொருள் கொண்டுவிட்ட சொற்களைப் பற்றி வகுப்பறையில் நான் சிரித்துக்கொண்டே எடுத்துக்காட்டுகள் சொன்னதுண்டு. அதில் ஒன்று அன்றிரவு என் வீட்டுக்குள் புகுந்திருந்தது.

மறுநாள் காலை ஏழரை மணிக்குத் தம்பி சீருடையுடன், முதுகில் பையுடன் குடியிருப்பின் வாசலில் நின்றான். எட்டரை ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. மூச்சு விட்டாலே தொண்டை எரியும் காற்று. பிறகுதான் யாரோ சொல்லி அம்மாவுக்கு விடுமுறை என்று தெரிந்தது. 'ஸ்கூல் பந்த். சலோ, கர் சலோ' என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவன் அசையவில்லை. வேன் வர வேண்டும். வேன் வராமல் அவன் உலகத்தில் காலை முடியாது. கையைப் பிடித்தபோது தன் தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினான். காவலாளியும் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் கூடிவிட்டார்கள். அழைப்பு வந்து நான் மெட்ரோவில் விரைந்து வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. அம்மா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவன் அருகில் நின்று முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தான்.

நான் இந்தியில் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அம்மா, அவன் முகத்தைப் பார்க்காமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலப் பேசினார்: "இன்னிக்கி வண்டி வராதுய்யா. லீவு விட்டுட்டாங்க. பத்து நாளைக்கி வராது. அம்மைக்கி கால் வலிக்கி. உள்ள வா, தோச சுட்டுத் தாரேன்."

அவன் ஆடுவதை நிறுத்தினான். சற்று நேரம் கழித்து, அம்மாவின் அதே ஏற்ற இறக்கத்தோடு, "தோச சுட்டுத் தாரேன்" என்றான். பிறகு பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டை நோக்கி நடந்தான்.

அவன் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் தமிழ் வாக்கியம் அது. 'தாரேன்' என்பதில் தன்மை விகுதி இருக்கிறது. இலக்கணப்படி பார்த்தால் அவன்தான் எங்களுக்குத் தோசை சுட்டுத் தரப்போகிறான். எங்கள் மூவருக்கும் பொருள் விளங்கியது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் இப்பழக்கம் வெறும் எதிரொலி என்றே முன்பு கருதப்பட்டது. பேரி பிரிசன்ட், ஜூடித் டூகன் ஆகிய இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு அதைக் கூர்ந்து நோக்கியது. கேட்பது, ஒப்புவது, உரையாடலில் தன் முறையை நிரப்புவது எனப் பல வேலைகளை அந்த எதிரொலி செய்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அக்கட்டுரையை நான் முதுகலையில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். அதை என் தம்பியோடு சேர்த்துப் பார்க்க ஒரு புகைமண்டிய காலை தேவைப்பட்டது.

ஒரு தோசை ஓர் ஆய்வு முடிவாகிவிடாது. இதை நான் நன்கறிவேன். அவனை நகர்த்தியது தமிழா, தோசையா, அம்மாவின் சோர்ந்த குரலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆச்சியோடு அம்மா தொலைபேசியில் பேசிய பேச்சையும், அப்பாவும் நானும் உணவு மேசையில் பேசிய பேச்சையும் அவன் பதின்மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான் என்பது மட்டும் உறுதி. அவன் முன்னிலையில் பேசினோம், அவனோடு பேசவில்லை.

அதன் பிறகுதான் என் துறையின் நூலகத்துக்குள் ஒரு அக்காவாக நுழைந்தேன். தமார் கிரெமர்-சாட்லிக் 2005இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, அமெரிக்காவில் குடியேறிய பல மொழிக் குடும்பங்களைப் பற்றியது. ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்ற அறிவுரையால் அக்குடும்பங்களின் ஆட்டிசக் குழந்தைகள் வீட்டு உரையாடலுக்கு வெளியே தள்ளப்படும் நிலையை அது எடுத்துக்காட்டியது. கனடாவிலிருந்து ஹாம்ப்லியும் ஃபொம்போனும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இரு மொழிகளைக் கேட்டு வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகளை ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்தவர்களோடு ஒப்பிட்டது. இரண்டாவது மொழியால் கூடுதல் தாமதம் எதையும் அவர்கள் காணவில்லை. சிறிய அளவிலான ஆய்வுகள்தாம். ஒவ்வொரு குழந்தையும் வேறு. பேச்சே வராத பிள்ளைகளும் உண்டு. எனினும் 'இரு மொழி குழப்பும்' என்ற கூற்றை மருந்துச் சீட்டில் எழுதும் அளவுக்குச் சான்று இல்லை என்பதை அவை தெளிவாக்கின.

இவற்றின் சாரத்தை இரண்டு பக்கங்களில் எளிய இந்தியில் எழுதிப் பள்ளியின் தலைமை ஆசிரியைக்குக் கொடுத்தேன். கூடவே நவம்பர் 9 காலை நடந்ததையும் எழுதினேன். குற்றம் சாட்டும் தொனி வரக்கூடாது என்பதற்காக மூன்று முறை திருத்தினேன். அவர் படித்துவிட்டு, "நாங்கள் செய்தியை அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில் ஒரு கேள்வி இருந்தது: உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியோடு எந்த மொழியில் பேசுவீர்கள்?

இந்தி பேசும் வீடுகள் என்று பள்ளி எண்ணியிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களிலிருந்து மைதிலி, போஜ்புரி, கட்வாலி, பஞ்சாபி, வங்காளம், மலையாளம், மணிப்புரி என்று பதில்கள் வந்தன. பல தாய்மார்கள் கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: அந்த மொழியில் பிள்ளையிடம் பேசலாமா? அனுமதி கேட்டு எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது, எங்கள் வீட்டின் தனிக் கதை என்று நான் நினைத்திருந்தது அக்கட்டிடம் முழுவதும் பரவியிருந்த மௌனம் என்று புரிந்தது.

இன்று சுற்றறிக்கை சற்று மாறியிருக்கிறது. 'ஷீத்காலீன் அவகாஷ்' போய் 'சர்தீ கீ சுட்டி' வந்திருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் பிள்ளைகளிடம் காட்டத்தக்க ஒரு படம் இருக்கிறது. ஒரு மலையாளித் தந்தையும் ஒரு வங்காளப் பாட்டியும் நானும் அவரவர் மொழியில் குரல்பதிவு செய்து அனுப்புகிறோம். பள்ளி செலவழித்த தொகை எதுவுமில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இந்தியாவில் ஆட்டிசம் குடும்பங்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதே இத்தகைய தாள்களின் வழியாகத்தான். 1991இல் டெல்லியில் தொடங்கப்பட்ட ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம், அந்தப் பத்தாண்டிலேயே 'ஆட்டிசம் நெட்வொர்க்' என்ற இதழை நடத்தியது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்கென ஒரு கட்டம் இல்லை. 21 வகைகளைக் கொண்ட 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது இடம்பெற்றது. அரசு எண்ணாத ஒரு சமூகம், யார் வீட்டில் யாருக்குப் பல் விழுந்தது, யார் முதன்முறையாகத் தனியாகப் படியிறங்கினார் என்ற செய்திகளால் தன்னைத்தானே எண்ணிக்கொண்டது.

இறுதியாக, இதை இப்போது எழுதத் தூண்டிய செய்தி. சென்ற ஆண்டு தம்பிக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. அதற்கு முந்தைய மாதச் சுற்றறிக்கையில் ஒரு குறிப்பு: பதினெட்டு வயதை நெருங்கும் பிள்ளைகளின் பெற்றோர், சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் குறித்து அலுவலகத்தில் விவரம் பெறவும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரும் விண்ணப்பித்தாக வேண்டும். நான் வாசித்து முடித்ததும் அம்மா கேட்டார்: "அப்போ இத்தன வருசமா அவனுக்கு நான் யாருட்டி?"

மொழிபெயர்ப்பில் வந்த பிழை என்று அவர் நினைத்தார். இல்லை, சட்டம் அப்படித்தான் என்று விளக்கினேன். பின்னர் இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு காப்பாளரை நியமிப்பதைப் பற்றிப் பேசுகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 14ஆம் பிரிவுதான் காப்பாளரைப் பற்றியது. ஆனால் அது கூறும் வரையறுக்கப்பட்ட காப்பாண்மை, இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது; பரஸ்பரப் புரிதலின் மீதும் நம்பிக்கையின் மீதும் நிற்பது; மாற்றுத்திறனாளியின் விருப்பத்துக்கு இணங்கச் செயல்பட வேண்டியது.

விருப்பத்தை எந்த மொழியில் கேட்பது? ஏவல் வினைகள் மட்டுமே கொண்ட மொழியில் ஒருவரின் விருப்பத்தைக் கேட்க முடியாது. 'உனக்கு எது வேணும்?' என்ற கேள்வியைப் பதின்மூன்று ஆண்டுகள் அவனிடம் தன் மொழியில் கேட்காத ஒரு தாய், இப்போது சட்டத்தின் முன் அவன் விருப்பத்துக்குச் சாட்சியாக நிற்க வேண்டும். அதற்கு அவர் தயாராகிக்கொண்டிருக்கிறார். நாள்தோறும் மாலையில் இரண்டு பாத்திரங்களைக் காட்டி, "இதா, அதா?" என்று தமிழில் கேட்கிறார். அவன் சில நாள் தொடுகிறான்; சில நாள் "இதா அதா" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அதையும் ஒரு பதிலாக நாங்கள் குறித்து வைக்கிறோம். விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் இரண்டு வேண்டுகோள்கள். மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்களைக் களத்தில் சந்திக்கும்போது, உங்கள் வினாப்பட்டியலில் 'பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள், ஏன்?' என்ற கேள்வியைச் சேருங்கள். பதிலுக்கு முன் ஒரு மௌனம் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எளிது. உங்கள் ஊரில் இப்படியொரு பள்ளி இருக்கும். அதன் சுற்றறிக்கையை முழுதாகப் படிக்க முடியாத ஓர் அம்மாவோ ஆச்சியோ அங்கு இருப்பார். உங்களுக்குத் தெரிந்த மொழியில் அதை அவருக்கு எழுதிக் கொடுங்கள். மாதம் அரை மணி நேரம்.

இந்த மாதச் சுற்றறிக்கை இன்று வந்திருக்கிறது. வேனின் நேரம் மறுபடியும் மாறுகிறது. அம்மா அடுக்களையிலிருந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார். முடித்துக்கொள்கிறேன்.